எட்டாவது புள்ளி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களின் அறிவியல் ஆலோசகர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கம்பெனியில் எத்தனை நோபல்காரர்கள், யார் எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என்பதெல்லாம் விரிவாக இருந்தது. அவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் அந்தக் கூட்டங்களுக்குப் பல வருடம் கோப்புத் தயாரித்து, நடந்ததைக் குறிப்பெடுத்தும் வந்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கூட்டம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நடக்கும். கம்பெனிக்காரர்கள் திரையில் படம் போட்டு விளக்குவார்கள். ஆலோசகர்களில் ஒருவர் "நம்பிக்கை தரும் முடிவுகள்" என்பார், இன்னொருவர் தன் பழைய ஆய்வு ஒன்றை நினைவுகூர்வார், அதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிடும். பேரும் படமும் முதலீட்டாளர்களுக்குக் காட்டும் அறிக்கையில் ஏறிவிடும். புதிய கம்பெனிகள் பல, ஆலோசகருக்குக் கட்டணத்தோடு பங்கும் கொடுக்கின்றன. மருந்து தேறினால்தான் பங்கு தேறும். அப்படி இருக்கும்போது "இது சரிப்படாது" என்று சொல்ல நாக்கு எழுமா?

அபூர்வமாக எழும். ஒருமுறை, புதிய மருந்து ஒன்று எலிகளின் கல்லீரலை என்ன செய்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர்களில் ஒருவர் நோய்க்கூறியல் படித்த பெண்மணி. ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். நான் கொடுத்த கோப்பின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தார். அட்டவணையில், அதிக அளவு மருந்து கொடுத்த எலிகள் எட்டு என்று இருந்தது. வரைபடத்தில் ஓர் எலிக்கு ஒரு புள்ளி, ஆனால் புள்ளிகள் ஏழுதான். "எட்டாவது புள்ளி எங்கே?" என்று கேட்டார். அந்த எலிக்கு வேறு ஏதோ தொற்று, அதனால் எடுத்துவிட்டோம் என்றார்கள். அவர் விடவில்லை. எடுக்கலாம் என்று முடிவு செய்தது யார்? எப்போது? தொற்று என்று சொன்னவருக்கு அது மருந்து கொடுத்த எலி என்று முன்பே தெரியுமா, தெரியாதா? பிரிவுத் தலைவர் சிரித்துக்கொண்டே, "அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் மேடம்" என்றார். அடுத்த படம் வந்துவிட்டது.

"தரவுகள் குறித்துப் பயனுள்ள விவாதம் நடந்தது" என்று குறிப்பில் எழுதினேன். எழுதச் சொன்னார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, எனக்கே அப்படித்தான் எழுத வந்தது. அடுத்த வருடம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. புது முகங்கள் வேண்டுமாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வாழ்க்கைக்கு நல்ல வார்த்தைதான். ஆனால் உப்பிட்டவரையே இடித்துரைக்க வேண்டிய வேலை இது. அதனால் ஆலோசகர் எவ்வளவு பெரிய மேதை என்பதைவிட, அவர் "வேண்டாம்" என்றால் அது யார் காதில் விழும், அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்த "வேண்டாம்" வேலை செய்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஃபைசர் கம்பெனி டார்செட்ரபிப் என்றொரு மருந்தை உருவாக்கிவந்தது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லைக் கூட்டும், அதனால் மாரடைப்பு குறையும் என்பது கணக்கு. சுமார் 15,000 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான கொழுப்புக் குறைப்பு மாத்திரையோடு இதுவும், மீதிப் பேருக்கு அந்த வழக்கமான மாத்திரை மட்டும். யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. இரண்டு பக்கத்துக் கணக்கையும் பிரித்துப் பார்க்க முடிந்தது, வெளியாட்களைக் கொண்ட பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு ஒன்றுக்குத்தான்.

2006 நவம்பர் 30 அன்று கம்பெனித் தலைமை பங்குச்சந்தை ஆட்களைக் கூட்டி, இந்த மருந்தைப் பற்றிப் பெருமையாகப் பேசியது. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 2, சனிக்கிழமை, ஆய்வு நிறுத்தப்பட்டது. புது மருந்து எடுத்தவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 51 பேர். நிறுத்துங்கள் என்று குழு பரிந்துரைத்தது, கம்பெனி உடனே நிறுத்தியது. அந்த மருந்துக்குக் கிட்டத்தட்ட 80 கோடி டாலர் செலவழித்திருந்தார்கள். கம்பெனியையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மூடி வைத்த கணக்கைத் திறந்து பார்க்க வெளியாள் ஒரு குழு இருந்திராவிட்டால், இன்னும் எத்தனை மாதம் அது ஓடியிருக்கும்?

சரி, குழு வைத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. சிட்னி கில்மன் என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியர், பாபிநியூசுமாப் என்ற அல்சைமர் (மறதி நோய்) மருந்து ஆய்வில் இதே மாதிரியான கண்காணிப்புக் குழுவின் தலைவர். நிபுணர்களையும் முதலீட்டாளர்களையும் இணைத்துவிடும் தரகு நிறுவனங்கள் உண்டு. அப்படி ஒன்றின் வழியாக மணிக்கு ஏறத்தாழ 1,000 டாலர் கட்டணத்தில் அவரிடம் ஆலோசனை கேட்க வந்தார் மேத்யூ மார்டோமா என்ற இளம் முதலீட்டு மேலாளர். பொதுவான சந்தேகங்களில் ஆரம்பித்த பேச்சு, மெல்ல ரகசியத்துக்கு நகர்ந்தது. 2008 ஜூலையில் ஆய்வு முடிவு வெளியாவதற்கு முன்பே அது மார்டோமா கைக்குப் போய்விட்டது. அவர் வேலை பார்த்த எஸ்ஏசி என்ற முதலீட்டு நிறுவனம், அந்த மருந்தை உருவாக்கிய கம்பெனிகளின் பங்குகளை விற்றுத் தள்ளியது. லாபமும் தவிர்த்த நட்டமுமாக 27 கோடி டாலருக்கு மேல் என்று வழக்கில் கணக்குச் சொன்னார்கள். 2014-இல் மார்டோமாவுக்கு ஒன்பது ஆண்டு சிறை. கில்மன் அரசுத் தரப்பு சாட்சியானதால் அவர்மேல் குற்ற வழக்கு இல்லை, ஆனால் ஆயுள் முழுவதும் சேர்த்த பெயர் போயிற்று.

இந்த வழக்கில் என்னைத் தொட்ட விஷயம் பணம் அல்ல. மார்டோமாவைப் பார்த்தால் இறந்துபோன தன் மூத்த மகன் ஞாபகம் வந்தது என்று அந்த முதியவர் நீதிமன்றத்தில் சொன்னார். ஆலோசகரைக் கெடுப்பது காசு மட்டும்தான் என்று நினைக்கிறோம். அக்கறையாக நாலு வார்த்தை கேட்கும் ஒரு இளைஞனும் கெடுக்கலாம்.

அரசு அமைக்கும் ஆலோசனைக் குழுக்கள் இன்னொரு ரகம். வயாக்ஸ் என்ற வலிநிவாரணி மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து, 2004 செப்டம்பரில் மெர்க் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது. மறுபடி விற்கலாமா என்று 2005 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவில் வாக்கெடுத்தார்கள். மொத்தம் 32 பேர். விற்கலாம் என்று 17, கூடாது என்று 15. இவர்களில் 10 பேருக்கு இத்தகைய மருந்து தயாரிக்கும் கம்பெனிகளோடு தொடர்பு இருந்தது, அந்த 10 பேரில் 9 பேர் "விற்கலாம்" பக்கம் என்று அப்புறம் பத்திரிகைகள் எழுதின. அவர்களைக் கழித்துவிட்டால் 8-க்கு 14, முடிவே தலைகீழ். (மருந்து கடைசிவரை கடைக்குத் திரும்பவில்லை என்பது வேறு.)

அந்த ஒன்பது பேரும் காசுக்காகக் கை தூக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நோயைப் பற்றி நன்றாகத் தெரிந்தவரைத்தான் கம்பெனியும் தேடி வருகிறது. தொடர்புள்ளவர் யாருமே வேண்டாம் என்றால், விஷயம் தெரிந்தவர்கள் பாதிப் பேர் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். என் கட்சி, அவர்களைக் கூப்பிடுங்கள், பேசவிடுங்கள், கேள்வி கேட்கட்டும், வாக்கு மட்டும் வேண்டாம் என்பது.

வாக்கைக் கேட்டுவிட்டு அலட்சியம் செய்வதும் நடக்கிறது. அடுகனுமாப் என்ற அல்சைமர் மருந்துக்கு 2020 நவம்பரில் எஃப்டிஏவின் ஆலோசகர்கள் போதிய ஆதாரமில்லை என்றார்கள். முக்கியமான கேள்விக்கு ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை. 2021 ஜூனில் எஃப்டிஏ அனுமதி கொடுத்தே விட்டது, வருடத்துக்கு 56,000 டாலர் விலையில் மருந்து வந்தது. ஆலோசகர்களில் மூன்று பேர் பதவி விலகினார்கள். 2024-இல் கம்பெனியே அந்த மருந்தைக் கைவிட்டது. விலகிய மூவரும் கத்தவில்லை, காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். உங்கள் கட்டுரையில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கலாம்.

பெரிய பெயர்களைப் பார்த்து மயங்குவதற்கு தெரனோஸ் கதை ஒன்று போதும். ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஹென்றி கிஸ்ஸிஞ்சர், ஜார்ஜ் ஷூல்ட்ஸ் என முன்னாள் அமெரிக்க அமைச்சர்கள். ஆய்வகத் துறை வல்லுநர்களைக் கொண்டு ஒரு ஆலோசனைக் குழுவை அந்தக் கம்பெனி அறிவித்தது 2016-இல், அதாவது அதன் பரிசோதனைகளை நம்ப முடியாது என்ற குட்டு பத்திரிகையில் வெளிப்பட்டதற்கு அடுத்த வருடம்!

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது, ஆலோசகரின் விருதுகளோடு இன்னும் சிலவற்றையும் கேட்டு எழுதுங்கள். அவரிடம் கம்பெனிப் பங்கு இருக்கிறதா? அவரை நீக்கும் அதிகாரம் யாரிடம்? கூட்டக் குறிப்பை அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாரா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். நான் எழுதிய அந்தக் குறிப்பு பிரிவுத் தலைவருக்குப் போனது, முதலீட்டாளர்களுக்குப் போனது. எட்டாவது புள்ளியைக் கேட்ட அந்தப் பெண்மணிக்கு மட்டும் போகவில்லை. போயிருந்தால் பென்சிலை எடுத்திருப்பார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருந்து ஆராய்ச்சிப் பணியாளர்