படத்தில் இருக்கும் ஒன்பது பேர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய கதையைச் சென்ற இதழில் படித்தேன். 1915-ல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி லூசிட்டானியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கியதுமே அமெரிக்கா துப்பாக்கியைத் தூக்கிவிட்டது என்று நாங்கள் பள்ளியில் படித்தோம். நடுவில் இரண்டு வருடம் ஓடியதையும், 1917 பிப்ரவரியில் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் மறுபடி எல்லாக் கப்பல்களையும் தாக்கத் தொடங்கியதையும், மெக்சிகோவைத் தன் பக்கம் இழுக்க ஜெர்மனி ஆசை காட்டி அனுப்பிய சிம்மர்மன் தந்தியையும் கட்டுரையாளர் சரியாகச் சொல்லியிருந்தார். அதில் எனக்குக் குறை இல்லை. மனது கேட்காமல் போனது கூடவே வந்த படத்தைப் பார்த்துத்தான்.

மார்பில் பதக்கத்தோடு ஒன்பது சிப்பாய்கள். கீழே 'ஊர் திரும்பும் அமெரிக்க வீரர்கள்' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். பக்கத்தில் பெரிய எழுத்தில், உலகத்தை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்க வேண்டும் என்று 1917 ஏப்ரல் 2 அன்று ஜனாதிபதி வில்சன் பேசிய வாசகம். அந்த ஒன்பது பேரும் கறுப்பினத்தவர். இரண்டு பக்கக் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அவர்கள் மார்பில் இருப்பது அமெரிக்கப் பதக்கமும் அல்ல, பிரான்ஸ் கொடுத்தது.

நியூயார்க்கிலிருந்து போன 369-வது காலாட்படை ரெஜிமென்ட் அது. 1917-ல் பயிற்சிக்காக அவர்களைத் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஓட்டலுக்குள் செய்தித்தாள் வாங்கப் போன நோபிள் சிஸில் என்ற இசைக் கலைஞரை, தொப்பியைக் கழற்றவில்லை என்று ஓட்டல்காரர் அடித்தார். அப்போது சிஸில் ராணுவச் சீருடையில்தான் இருந்தார்.

பிரான்சில் இறங்கியதும் கையில் கொடுத்தது மூட்டை தூக்கும் வேலை. பிறகு, வெள்ளைப் படைகளோடு சேர்த்து நிறுத்த மனமில்லாமல், ரெஜிமென்ட்டையே பிரெஞ்சு ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். பிரெஞ்சுத் துப்பாக்கி, பிரெஞ்சு ஹெல்மெட், பிரெஞ்சு ரேஷன். அப்படியே 191 நாள் போர்முனையில் நின்றார்கள். இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், கை குலுக்காதீர்கள், வெள்ளை அமெரிக்கர்கள் முன்னால் அதிகம் புகழாதீர்கள் என்று பிரெஞ்சு அதிகாரிகளுக்கு 1918 ஆகஸ்டில் ரகசியச் சுற்றறிக்கை ஒன்றும் போனது.

இவர்களில் ஹென்றி ஜான்சனைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாக எழுதியாக வேண்டும். ரயில்வேயில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். ஜான்சன் ஆல்பனி ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்தவர். 1918 மே மாதம், ஆர்கோன் காட்டோரத்தில் அவரும் நீட்ஹாம் ராபர்ட்ஸும் இரவுக் காவலில் இருந்தபோது ஜெர்மானியர் கும்பலாக வந்து பாய்ந்தார்கள். ராபர்ட்ஸ் ஆரம்பத்திலேயே படுகாயம் பட்டு விழுந்துவிட்டார். ஜான்சன் கையெறி குண்டுகளை வீசினார். அவை தீர்ந்ததும் சுட்டார். துப்பாக்கி சிக்கிக்கொண்டதும் அதையே திருப்பிப் பிடித்து அடித்தார். ராபர்ட்ஸை எதிரிகள் கைதியாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்ததும், இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்து அவரை மீட்டார். ஜான்சன் உடம்பில் 21 காயம்.

அவருக்கும் ராபர்ட்ஸுக்கும் பிரான்ஸ் 'க்ருவா த கேர்' என்ற போர் வீரப் பதக்கம் கொடுத்தது. சொந்த நாடு ஜான்சன் உயிரோடு இருந்தவரை வீரப் பதக்கம் எதையும் கொடுக்கவில்லை. 1919 பிப்ரவரி 17 அன்று ஃபிஃப்த் அவென்யூவில் ரெஜிமென்ட் அணிவகுத்து வந்தபோது திறந்த காரில் அவரை நிற்கவைத்து ஊரே கை தட்டியது. அதே வருடக் கோடையில் சிகாகோவிலும் வாஷிங்டனிலும் கறுப்பினத்தவர்மேல் கலவரம் வெடித்தது. போரிலிருந்து திரும்பியவர்களும் கும்பல் கொலைகளுக்குப் பலியானார்கள். ஜான்சன் 1929-ல், நாற்பது வயது கூட ஆகாமல் இறந்தார். அமெரிக்காவின் முதல் பதக்கம் 1996-ல் வந்தது. மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஆனர் வந்தபோது 2015 ஆகிவிட்டது. 97 வருடம்! எத்தனை ரயில் பயணிகளின் பெட்டியைத் தூக்கிய தோள் அது என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

நம் நாட்டவருக்கும் இதே கதைதான். பஞ்சாபிலிருந்து போன பகத் சிங் திந்த் என்ற சீக்கியரும் 1918-ல் அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு சேவை செய்தார். நீ வெள்ளையன் இல்லை, உனக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குத் தீர்ப்பு எழுதியது. போரில் பணியாற்றியவர் என்ற முறையில் அவர் குடியுரிமை வாங்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வில்சன் பேசியதை எடுத்துப் போட்டது தவறென்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சை நம்பிப் போனவர்களின் படத்தையே பக்கத்தில் வைத்துவிட்டு அவர்கள் யாரென்று சொல்லாமல் விட்டதுதான் வருத்தம். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட முடியுமா? '369-வது காலாட்படை ரெஜிமென்ட், நியூயார்க். பிரெஞ்சு ராணுவத்தின் கீழ் போரிட்டு, பிரான்சின் பதக்கம் பெற்றவர்கள்' என்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
ஜோலார்பேட்டை.