சின்ன அத்தைக்கும் ஒரு பத்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்து கிராமத்துக் கல்யாணங்கள் பற்றிய கட்டுரையை இங்கே, அந்த மண்ணிலேயே உட்கார்ந்து படித்தேன். முகத்தை மறைக்கும் கூம்பு வடிவ வைக்கோல் தொப்பியோடு, அழைக்காமலே ராத்திரியில் கல்யாண வீட்டுக்குள் நுழையும் 'வைக்கோல் பையன்கள்', அவர்கள் தலைவன் மணப்பெண்ணோடு ஆடுவது எல்லாம் அழகாக வந்திருக்கிறது. எங்கள் கிளேர் மாவட்டத்துப் பக்கம் அந்த ஆட்டம் இன்னும் உண்டு. ஆனால் சம்பந்தம் எப்படிக் கூடியது என்பதை 'தரகர் பேசி முடிப்பார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு, நிலத்தைத் துண்டுபோட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது மெல்ல நின்றுபோனது. நிலம் ஒரு மகனுக்கு, சீதனம் பெரும்பாலும் ஒரு மகளுக்கு. பெண்ணைப் பெற்றவர் வந்து மாப்பிள்ளையின் வயலை நடந்து பார்ப்பார், மாடுகளை எண்ணுவார். அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டு மாடுகளை ஓட்டிவந்து நிறுத்திய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. பேரம் படிந்தால் வக்கீலிடம் பத்திரம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் அப்போதெல்லாம் கல்யாணம் கிடையாது என்பதால், அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில்தான் அத்தனை அவசரமும். அதற்குள் வரன் அமையாதவர்கள் தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் போனால், யாராவது முதுகில் சாக்பீஸால் கோடு இழுத்துவிடுவார்கள். ஊரே பார்த்துச் சிரிக்கும். கோடு விழுந்தவர் மனசை நினைத்துப் பாருங்கள்.

என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பத்தைந்து வயது. தன் அம்மா கொண்டுவந்த சீதனத்தைப் பற்றி ஒருநாள் சொன்னார். அந்தப் பணத்தில் இந்த வீட்டுக்கு ஒரு நாற்காலிகூட வாங்கவில்லையாம். பாட்டியின் தாத்தா அதை அப்படியே அலமாரியில் பூட்டிவைத்து, மறு வருஷம் பெரிய அத்தையின் சீதனமாகக் கொடுத்து அனுப்பினாராம். அந்தக் காலத்தில் இங்கே பல வீடுகளில் இதுதான் வழக்கம்: மருமகள் கொண்டுவந்தது நாத்தனாரைக் கரையேற்றும்.

சின்ன அத்தையின் முறை வரும்போது அலமாரி காலி. அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிறிஸ்துமஸ்தோறும் பணம் மட்டும் வரும் என்று சொல்லிவிட்டுப் பாட்டி மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

வைக்கோல் தொப்பியின் படத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த இதழில் அந்தச் சின்ன அத்தைகளுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

ஒரு வாசகி,
எனிஸ், அயர்லாந்து