படம் எடுத்துத் தந்த அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

தேங்காய் நார் மில்லில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒடிசாவின் டிட்லாகர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து அதிகாரிகள் அனுப்பிய வண்டியில் ஏறிவிட்டோம் என்று போனில் சொன்னார்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் இதை எழுத முடிகிறது. நடந்தது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கெல்லாம் தெரியும். வழக்கு நடக்கிறது, குழந்தைகள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள், அதனால் அதைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. இது நன்றி சொல்ல மட்டும்.

முதல் நன்றி போட்டோ ஸ்டுடியோ அண்ணனுக்கு. அதிகாரிகளும் போலீசும் இருக்க ஸ்டுடியோக்காரருக்கு ஏன் முதல் நன்றி என்று சிலருக்குத் தோன்றும். அவர் செய்தது என்ன என்று புரிய, விடுவிப்புச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மீட்பு என்றால் கேட்டைத் திறந்து ஆட்களை வெளியே கூட்டி வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி வெளியே வந்தவர்கள் ஆறு மாதத்தில் ஆள் பிடிக்கும் வேறொரு மேஸ்திரியின் அட்வான்ஸ் கடனில் சிக்கி வேறொரு களத்துக்குப் போய்விடுவது வழக்கமாக நடக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்து, ‘இவர் கொத்தடிமையாக இருந்தார், இன்று விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றிதழ்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அச்சாணி. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கேட்க அது வேண்டும். மறுவாழ்வுத் தொகைக்கும் அது வேண்டும்: ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள் கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். சொந்த மாவட்டத்து ஆட்சியர் இவர்களைத் தன் பட்டியலில் சேர்ப்பதும் அதைப் பார்த்துத்தான். ஊரில் ஏஜென்ட் வந்து ‘அட்வான்ஸ் பாக்கி எங்கே’ என்று வாசலில் நின்றால், எடுத்துக் காட்ட ஏழையிடம் இருக்கும் ஒரே காகிதமும் அதுதான். அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்தக் கடனையே இல்லாமல் ஆக்கிவிட்டது. ஆனால் சட்டத்தை வாசலில் நிற்பவனிடம் யார் போய்ச் சொல்வது? முத்திரை குத்திய தாள் சொல்லும்.

அந்தத் தாளில்தான் தப்பு நடக்கும். பத்துப் பேர் பெயரை ஒரே சான்றிதழில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போனதும் அசல் ஒருவர் கையில் இருக்கும், மற்ற ஒன்பது பேர் ஜெராக்ஸோடு அலைவார்கள். ‘குடும்பத் தலைவர்’ பெயர் மட்டும் எழுதி மனைவியை விட்டுவிடுவார்கள். அட்வான்ஸ் புருஷன் பெயரில்தான் இருக்கும், கூலிக் கணக்கு நோட்டிலும் அவர் பெயர்தான். ஆனால் விடியற்காலையில் மட்டை அள்ளியதும் நாரைக் காயப் போட்டதும் இரண்டு பேரும்தானே! அவள் பெயரில் தனிச் சான்றிதழ் இல்லையென்றால் அவளுக்கு உரிய 2 லட்சத்தைக் கேட்கவே வழியில்லை. ஆதாரில் ஒரு எழுத்து, சான்றிதழில் ஒரு எழுத்து என்றால் வங்கி திருப்பி அனுப்பும். படம் இல்லாத சான்றிதழோ இன்னும் மோசம். அதே பெயரில் வேறொருவரைக் கொண்டுபோய் நிறுத்திப் பணம் வாங்க இடைத்தரகனுக்கு வழி விட்டுவிடும்.

அன்று ராத்திரி நிலைமை இதுதான். கோட்டாட்சியர் விசாரணையை முடித்துவிட்டார், தட்டச்சு ஓடிக்கொண்டிருந்தது, மறுநாள் தன்பாத் எக்ஸ்பிரஸில் எல்லோருக்கும் டிக்கெட். யாரிடமும் ஒரு போட்டோ கிடையாது. பாதிப் பேரின் ஆதார் அட்டை மேஸ்திரியிடம் போனது போனதுதான். கடைவீதி அடைத்தாகிவிட்டது.

அந்த அண்ணனுக்கு அடுத்த நாள் விடியக் கல்யாண ஆர்டர் இருந்தது. போனில் விஷயத்தைச் சொன்னதும், “போட்டோதானுங்க, நானே அங்க வந்தர்றேன். அவங்களக் கடைக்குக் கூட்டிட்டு வராதீங்க, வீதியில நாலு பேர் பாப்பாங்க” என்றார். கேமரா, இரண்டு லைட், பிரிண்டர், யு.பி.எஸ். எல்லாவற்றையும் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு, தங்கவைத்திருந்த மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

மண்டபத்துச் சுவர் பச்சை. வெள்ளைப் பின்னணிக்காக வேனில் இருந்து புது எட்டு முழ வேட்டியை எடுத்துக் கட்டினார். ஒரே லைட் வைத்தால் கறுத்த முகத்தில் கண் குழிந்து நிழல் விழும், அடையாளம் தெரியாது என்று இரண்டு பக்கமும் லைட் வைத்தார். குடும்பமாக ஒரு படம் போதாதா, நேரம் மிச்சமாகுமே என்று அங்கே யாரோ கேட்டார்கள். “ஆளுக்கு ஒண்ணுங்க. நாளைக்கு அந்த அம்மணி தனியாப் போயி பேங்க்ல நின்னா, புருஷன் மூஞ்சியக் காட்டுனா ஒத்துக்குவாங்களா?” என்றார். சட்டம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். கைக்குழந்தைகளுக்கும் தனிப்படம் எடுத்தார். தாயின் கை தெரியாமல் இருக்க, தாய் வேட்டிக்குப் பின்னால் நின்று துணியோடு சேர்த்துக் குழந்தையைப் பிடித்துக்கொண்டார். கண் மூடிய படங்களைத் திரும்ப எடுத்தார். அவசரத்தில் அதை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆறுக்கு நாலு அங்குலத் தாளில் எட்டு பாஸ்போர்ட் படம் விழும். சான்றிதழுக்கு ஒன்று, அலுவலக நகலுக்கு ஒன்று, அஞ்சலகக் கணக்குக்கு ஒன்று, சொந்த மாவட்டத்துக்குப் போகும் கோப்புக்கு ஒன்று என்று போக, மீதி நாலையும் சின்னக் கவரில் போட்டு அவரவர் கையில் கொடுத்தார். ரேஷன் கார்டில் இருந்து பள்ளிக்கூடச் சேர்க்கை வரை ஊரில் முதலில் கேட்பது போட்டோதான், அதற்கு இன்னொரு தடவை காசு செலவழிக்க வேண்டாம் என்றார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் வரிசை எண் போட்டார். பேனா மை வழவழப்பான தாளில் காயாமல் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். அதே வரிசை எண் தட்டச்சுப் பட்டியலிலும் இருந்ததால், விடியற்காலையில் ஒட்டும்போது ஒரு படம்கூட ஆள் மாறவில்லை. இது சாதாரண விஷயமில்லை. ஊர் பேர் தெரியாத, மொழி புரியாத இத்தனை முகங்களைத் தூக்கக் கண்ணோடு ஒட்டும்போது அக்காள் படம் தங்கச்சி தாளில் போவது சகஜம். அதைத் திருத்தப் பிறகு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டிக் கடிதம் எழுத வேண்டும்.

படம் எடுக்கும் முன்னால் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் நாலு சீப்பும் எடுத்து வைத்தார். நார்த்தூசி படிந்த தலையோடு படம் எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பெண்கள் ஒருவருக்கொருவர் தலை வாரிவிட்டார்கள். அன்று அந்த மண்டபத்தில் முதல் சிரிப்புச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

எல்லாம் முடிந்ததும் படங்களை வருவாய் ஆய்வாளரின் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பிறகு அவர் கண் முன்னாலேயே மெமரி கார்டையும் லேப்டாப்பையும் திறந்து எல்லாவற்றையும் அழித்துக் காட்டினார். மீட்கப்பட்ட குழந்தையின் முகத்தையோ பெயரையோ வெளியிடக் கூடாது என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. “எங்கிட்ட இருந்தா என்னைக்காவது எம் பையன் போன்ல போயிரும்” என்றார், அவ்வளவுதான். காசு வாங்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. நல்லாருங்கண்ணா.

மற்றவர்களுக்கு நன்றியைச் சேர்த்தே சொல்கிறோம். குறைவாக நினைக்க வேண்டாம்.

திருப்பூரில் ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு வந்த ஒடியா பேசும் டெய்லர் தம்பிக்கு. இந்தப் பக்கம் நடக்கும் பல விசாரணைகள் மொழிபெயர்ப்பில்தான் கெடுகின்றன. ஹிந்தி தெரிந்தவர் வேண்டும் என்று தேடி, கடைசியில் மேஸ்திரியின் மச்சானையே மொழிபெயர்க்க உட்கார வைத்துவிடுவார்கள். ‘விருப்பப்பட்டுத்தான் வந்தோம்’ என்ற வாக்குமூலம் அப்படித்தான் பதிவாகும். இந்தத் தம்பி கேள்வியைக் கேள்வியாகவும் பதிலைப் பதிலாகவும் மட்டும் சொன்னார், தன் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை.

ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, அட்வான்ஸ் எவ்வளவு, யார் கையால், வாரச் செலவுக்கு எவ்வளவு, சந்தைக்குப் போக விட்டார்களா, போன் யாரிடம் இருந்தது, ஊரில் சாவு என்றபோது அனுப்பினார்களா என்று பொறுமையாகக் கேட்ட கோட்டாட்சியர் அம்மாவுக்கு. ‘வாங்கின அட்வான்ஸைக் கட்டிட்டுப் போகட்டும்’ என்று வந்தவர்களிடம், அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்று அதே 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவைச் சொல்லித் திருப்பி அனுப்பியதற்கும் சேர்த்து.

முதல் தகவல் அறிக்கையை 1976 சட்டத்தோடு நிறுத்தாமல் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆள் கடத்தலுக்கான 143ஆம் பிரிவையும் சேர்த்த ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு. 1976 சட்டத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு சிறையும் 2,000 ரூபாய் அபராதமும்தான். 143இல் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரையும் போகலாம். சம்மதித்து வந்தார்கள் என்ற வாதத்துக்கும் அங்கே இடமில்லை. கணக்கு நோட்டை அன்றைக்கே கைப்பற்றியதற்குத் தனி நன்றி. மறுநாள் என்றால் அது அடுப்புக்குப் போயிருக்கும்.

குழந்தைகளை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தி, தாய் தகப்பனிடமிருந்து தேவையில்லாமல் பிரிக்காமல் பார்த்துக்கொண்ட மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. நார் உரித்து ரேகை தேய்ந்த விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துச் சலிக்காமல் அஞ்சலகக் கணக்கு தொடங்கிக் கொடுத்த தபால்கார அண்ணனுக்கு. பழைய கணக்குகளின் ஓ.டி.பி. மேஸ்திரி கையில் இருக்கும் போனுக்குப் போகும் என்று கண்டுபிடித்து எண்ணை மாற்றியவரும் அவரேதான். அவசர ஒதுக்கீட்டில் எல்லோருக்கும் ஒரே பெட்டியில் இடம் வாங்கிக் கொடுத்தவர்களுக்கும், கூடவே போன காவலர்களுக்கும். வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஏஜென்ட் ஏறி ‘வேற வேலை இருக்கு, வா’ என்று இறக்கிக்கொண்டு போவது இந்தப் பாதையில் புதிதல்ல. அரிசிம்பருப்பும் தயிரும் செய்து கொண்டுவந்த மகளிர் குழு அக்காமார்களுக்கு. முகம் தெரியாமல் செய்தி போட்ட நிருபர்களுக்கு.

இத்தனை பேரை எழுதிப் பார்க்கும்போது ஒன்று மனதில் நிற்கிறது. வருவாய்த் துறை, காவல், தொழிலாளர் துறை, குழந்தைகள் நலம், சட்டப் பணிகள் ஆணைக்குழு, ரயில்வே, இரண்டு மாநில அரசுகள் என்று கை கோக்க வேண்டியவர்கள் அதிகம். 1976 சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. மாவட்ட அளவில் குறைந்தது 10 லட்சம் ரூபாய் மறுவாழ்வு நிதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் திட்டமும் சொல்கிறது. ஏற்பாடு கொஞ்சமில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் போட்டோ யார் எடுப்பது என்ற கேள்விக்கு எந்தக் கோப்பிலும் பதில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் எங்கே, ஸ்டாம்ப் பேட் எங்கே, கைக்குழந்தைக்குப் பால் எங்கே என்பதும் அப்படித்தான். துறைகள் ஒன்றோடொன்று பேசாமல் போவது பெரும்பாலும் மனசு இல்லாததால் அல்ல. அந்த நேரத்துக்கு வேண்டிய சின்னச் சாமான் யார் கணக்கிலும் வராததால்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்டுடியோ அண்ணன் கிடைப்பார் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது.

அதனால் அடுத்த கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் எழுத்து மூலம் மூன்று கேட்கப் போகிறோம். கோட்டத்துக்கு ஒரு மீட்புப் பெட்டி: கேமரா, சின்ன பிரிண்டர், வெள்ளைத் துணி, பென்சில், தனித்தனிச் சான்றிதழ் படிவம், முத்திரை. ஒடியா, ஹிந்தி, சந்தாலி, வங்காளம், அசாமியா பேசுவோரின் பட்டியல், அவர்கள் இழக்கும் கூலிக்கு மாவட்ட நிதியில் இருந்து ஈடு. சான்றிதழ் கொடுத்த அன்றே அதன் நகலும் முதல் தகவல் அறிக்கையின் நகலும் சொந்த மாவட்ட ஆட்சியருக்கு மின்னஞ்சலில் போய், கிடைத்தது என்று பதில் வந்த பிறகே கோப்பை மூடுவது. கிடைக்கும் வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்போம். ஊர் போனவர்களின் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று வரிசை எண்படி விசாரித்துக்கொண்டே இருப்போம்.

காங்கேயத்துக் களத்திலோ, பள்ளிபாளையத்துத் தறிக்குடோனிலோ, பொள்ளாச்சி ரோட்டிலோ, உங்கள் ஊர் மில் ஆஸ்டலிலோ, வேலை செய்பவர்கள் வெளியே வராமல் இருப்பதாகத் தோன்றினால் நீங்களாக உள்ளே போய் விசாரிக்க வேண்டாம். விசாரித்த ராத்திரியே ஆட்களை லாரியில் ஏற்றி இடம் மாற்றிவிடுவார்கள். குழந்தைகள் என்றால் 1098, பெண்கள் என்றால் 181, மற்றபடி 112. கூடவே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு, தேதி போட்டு, நகலில் ஒப்புகை வாங்கி. மேலே சொன்ன ஒடியா, ஹிந்தி போன்ற மொழிகளில் ஒன்று உங்கள் வீட்டில் குடியிருப்பவருக்கோ கம்பெனியில் கூட வேலை செய்பவருக்கோ தெரியும் என்றால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து பெயரைப் பதிந்துவிடுங்கள்.