மழை இரவின் பிழையைக் கண்டுபிடித்த அம்மாவுக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தையோரம், ரப்பர் தோட்டத்தில் நடக்கும் என் துப்பறியும் நாவலை மேசையில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தேன். அப்போது வந்த அம்மாவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

முதல் அத்தியாயத்தை நின்றபடியே படித்தீர்கள். "இரவெல்லாம் மழை என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, ரப்பர் மரப் பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்குமா? மரமெல்லாம் வழிந்துவிடும். அன்றைக்குப் பால்வெட்டே கிடையாது. பிறகு மங்கில் பால் எப்படி வந்தது?" என்றீர்கள். நான் திகைத்துப்போனேன். கதையின் முக்கியத் தடயமே பால் பிடிக்கும் கிண்ணமான அந்த மங்குதான்! விடியுமுன் குளிரில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும் என்பதையும் பொறுமையாக விளக்கினீர்கள். 30 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவராம். இரண்டு பிரதிகள் வாங்கவும் செய்தீர்கள்.

அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது கொலையாளி சிக்குவதே உங்கள் கேள்வியால்தான்.

தோட்டத்தில் உழைத்த மற்றவர்களும் வாங்கிப் படியுங்கள், தவறு கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் ஆதரவில்தான் அடுத்த நாவல் அச்சேற வேண்டும். அம்மா, திருத்திய பதிப்பின் முதல் பிரதி உங்களுக்குத்தான். ஞாயிறுதோறும் அதே இடத்தில் இருப்பேன்.