கிண்டி மான்களும் வேளச்சேரி சாலையின் இரவு வேகமும்: ஒரு திறந்த மடல்

சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக் காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை ஆகியவற்றின் பொறுப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். கிண்டி தேசியப் பூங்காவிலிருந்து வெளியே வரும் மான்கள் வாகனங்களில் அடிபடாமல் இருக்க, பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எல்லா வாகனங்களுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற ஒரே வேக வரம்பை அறிவித்து, அதைக் கேமரா வைத்து நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். இதே காட்டிலிருந்து பிரித்த நிலத்தில்தான் 1959-இல் ஐஐடி வந்தது. மறுபக்கம் ஆளுநர் மாளிகை. புள்ளிமான்களோ இவை அனைத்தையும் இன்றும் ஒரே மேய்ச்சல் நிலமாகவே பயன்படுத்துகின்றன. கோடையில் உள்ளே புல் காய்ந்து குட்டைகள் வற்றும்போது, இடிந்த மதில் வழியாகவோ திறந்து கிடக்கும் கேட் வழியாகவோ அவை வெளியே வருவதில் வியப்பில்லை. மதிலை ஒட்டிக் குப்பைத்தொட்டி வைத்து, அதில் காய்கறிக் கழிவையும் வாழைப்பழத் தோலையும் நிரப்பி அவற்றை அழைப்பவர்கள் நாம்தான். அதே தொட்டி தெருநாய்களையும் வளர்க்கிறது. நாய் துரத்தும் மான் சாலையின் இருபுறமும் பார்த்துக் கடப்பதில்லை.

புள்ளிமான்கள் பெரிதும் நடமாடுவது அந்தியிலும் விடியலிலும். மாலையில் கிண்டி–வேளச்சேரி சாலையிலும் சர்தார் பட்டேல் சாலையிலும் வாகனங்கள் ஊர்ந்து செல்வதால், நாம் நாள்தோறும் சபிக்கும் அந்த நெரிசலே ஒருவகையில் மான்களுக்குக் காவலாகிவிடுகிறது. சாலை காலியாகும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் அந்தக் காவல் இல்லை. 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வேக வரம்புகளின்படி சென்னையில் கார்கள் மணிக்கு 60 கிலோமீட்டர் வரையிலும் இருசக்கர வாகனங்கள் 50 வரையிலும் செல்லலாம். குடியிருப்புப் பகுதிகளுக்கு மட்டும் 30. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடந்துவிடும். மானைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு நொடியாவது போய்விடும்; அதன்பின் வண்டி நிற்க, உலர்ந்த சாலையிலேயே இன்னும் 20 மீட்டர் வேண்டும். வேகம் 30 ஆக இருந்தால் இவ்வளவும் சேர்ந்து சுமார் 14 மீட்டருக்குள் அடங்கிவிடும். வளர்ந்த ஆண் மான் 70 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதன்மீது மோதும் பைக்கில் இருப்பவர் தூக்கியெறியப்படுவார் என்பதால், இதை மான்மீது இரக்கப்படுவோரின் கோரிக்கையாக மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம்.

எச்சரிக்கைப் பலகைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. நாள்தோறும் ஒரே வழியில் செல்பவர் கண்ணுக்கு இரண்டாம் வாரத்தில் பலகை தெரியாமல் போய்விடும். அபராதச் சீட்டு வீட்டுக்கு வந்தால்தான் கால் தானாக பிரேக்குக்குப் போகும். ஒரு மான் கடந்துவிட்டதென்று உடனே வேகமெடுக்கக் கூடாது, பின்னால் கூட்டம் வரும் என்பதை மட்டும் பலகையில் எழுதி வைக்கலாம்.

அடிபட்ட மானைப் பற்றியும் சொல்ல வேண்டும். மானைச் சூழ்ந்து நின்று படமெடுப்பதும், காலைப் பிடித்து இழுத்து ஓரம் சேர்ப்பதும் உதவி என்றே பலர் எண்ணுகிறார்கள். துரத்திப் பிடிக்கப்படும் மானுக்கு அச்சத்தாலும் கடும் உழைப்பாலும் தசைகள் சிதைந்து, காயம் சிறிதாக இருந்தாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உயிர் போய்விடக்கூடும். ஆகவே நள்ளிரவிலும் எடுக்கப்படும் ஒரே தொலைபேசி எண்ணை இச்சாலைகளின் விளக்குக் கம்பங்களில் எழுதி வையுங்கள். வண்டியை நிறுத்தி, கூட்டத்தை விலக்கி, கால்நடை மருத்துவர் வரும்வரை தள்ளி நிற்பதே பொதுமக்கள் செய்யக்கூடியது.

2024-இல் அரசு மீட்டுக்கொண்ட சுமார் 160 ஏக்கர் கிண்டி ரேஸ் கோர்ஸ் (குதிரைப் பந்தயத் திடல்) நிலத்தைப் பூங்காவாக்கும் முயற்சியை நான் வரவேற்கிறேன். ஆனால் சாலைக்கு இப்பக்கம் காடு, அப்பக்கம் பசும்புல்லும் நீரும் என்றானால் மான்கள் எந்தத் திசையில் நடக்கும் என்பதைத் திட்ட வரைபடம் முடிவாகும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். வேலியும் வாயிலும் எங்கே வரும் என்பதை வனத்துறையைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

மதில் ஒருவர் பொறுப்பு, சாலை இன்னொருவர் பொறுப்பு, குப்பை வேறொருவர் பொறுப்பு, வேகம் மற்றொருவர் பொறுப்பு. இந்த நான்குக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஓர் அலுவலரை நியமித்து, விபத்து நடந்த ஒவ்வொரு இடத்தையும் நேரத்தையும் அவர் பதிவு செய்து மாதந்தோறும் வெளியிட வேண்டும். கேமராவை எங்கே வைப்பது, எந்த மதிலை முதலில் அடைப்பது, எந்தத் தொட்டியை இடம் மாற்றுவது என்பதை அந்தப் பதிவே காட்டிக்கொடுக்கும். வரும் கோடைக்கு முன் வேக வரம்பு ஆணையையும் அந்த அலுவலரின் நியமனத்தையும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரியில் வசிக்கும் வாகன ஓட்டி ஒருவர்