எட்வர்ட், டெட், நெட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். குளிர் விட்டுவிட்டது, கம்பளி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கு மேலேயும் சின்ன வெள்ளைப் பலகை இருக்கும், எப்படிக் கூப்பிட்டால் நோயாளிக்குப் பிடிக்குமோ அந்தப் பேரை அதில் எழுதுவோம். இப்போது இருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஃபைலில் எட்வர்ட், பலகையில் டெட். பக்கத்துக் கட்டில்காரரும் எட்வர்ட்தான், ஆனால் அவர் நெட். இந்த 'ந' எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் 'என்னுடைய' என்பதற்கு 'மைன்' என்பார்களாம். 'மைன் எட்' என்று செல்லமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த 'ன்' பேரோடு ஒட்டிக்கொண்டது என்றார் டெட்.

பழைய ஆங்கிலத்தில் எட்வர்ட் என்ற பேரின் முதல் பாதிக்குச் செல்வம், நற்பேறு என்று பொருள், பின்பாதிக்குக் காவலன். இவ்வளவு நல்ல பேரும் அழிந்திருக்க வேண்டியதுதான். 1066ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஊரெல்லாம் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்றே பிள்ளைகளுக்குப் பேர் வைத்தார்கள், காட்வின், ஏதல்ஸ்டன் மாதிரிப் பழைய பேர்கள் மெல்ல மறைந்தன. ஆனால் அதே நார்மன் வம்சத்தில் வந்த மூன்றாம் ஹென்றி ராஜாவுக்கு, 1066 ஜனவரியில் இறந்து பின்னாளில் புனிதராக்கப்பட்ட எட்வர்ட் ராஜாமேல் அப்படி ஒரு பக்தி. நாம் குலசாமி பேரை விடுவதுபோல 1239ல் பிறந்த மகனுக்கு அந்தப் பேரையே வைத்தார். அந்த மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று வரிசையாக மூன்று எட்வர்ட்கள் ஆண்டார்கள், பேரும் நிலைத்துவிட்டது.

லீவு நாளில் லண்டனில் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குப் போனேன். 1245ல் அதைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்ததும் அதே ஹென்றிதான். பீடத்துக்குப் பின்னால் எட்வர்டின் சமாதி, அதன் கல் அடித்தளத்தில் ஆள் முழங்காலிட்டு உள்ளே ஒடுங்குகிற மாதிரி மாடங்கள். நோயாளிகள் அதற்குள் மண்டியிட்டுக் குணமாக வேண்டிக்கொள்வார்களாம். இரவும் பகலும் நோயாளிகளோடேயே இருப்பதாலோ என்னவோ, அந்த மாடங்களை விட்டு நகரவே எனக்கு மனம் வரவில்லை அப்பா.

அப்புறம் ஒரு வேலை. ஆச்சியின் தகரப்பெட்டியில் கிரீடம் இல்லாமல் வழுக்கைத் தலையோடு ஒரு ராஜா இருக்கும் வெள்ளி ரூபாய் கிடந்ததே, அது ஏழாம் எட்வர்ட். 1903க்கும் 1910க்கும் நடுவில் அடித்ததாக இருக்கும். என்ன வருஷம் என்று பார்த்து ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள், டெட் தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்