மளிகைச் சிட்டையை ஆளுக்கும் நாளுக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தை வாரந்தோறும் தவறாமல் படித்து வருகிறேன். சியா விதை, ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் என்று வாரம் ஒன்றைப் புதிதாகச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கட்டுரைகள் வருகின்றனவே தவிர, ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும் உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் மாதத்துக்கு எத்தனை கிலோ என்று கேட்கும் கட்டுரை ஒன்றைக்கூட நான் அந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. அருப்புக்கோட்டையில் 31 ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தி, 2019இல் கடையை மூடியவன் நான். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால், ஒரு தெருவில் உள்ள நாற்பது ஐம்பது குடும்பங்கள் மாதம் முழுவதும் என்ன சாப்பிடப்போகின்றன என்பது மருத்துவருக்குத் தெரிவதற்கு முன்பே மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

மாதத்தின் முதல் வாரத்தில் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் சாமான் சிட்டையில் மஞ்சள், மிளகு, பெருங்காயம் ஆகியவற்றின் அளவுதான் யோசித்து எழுதப்பட்டிருக்கும். உப்புக்கும் எண்ணெய்க்கும் அப்படி யோசனை ஏதும் இருக்காது. போன மாதம் எவ்வளவோ அவ்வளவு இந்த மாதமும். தீர்ந்துபோனால் நடுமாதத்தில் பையனை அனுப்பி இன்னொரு பாக்கெட் வாங்கிக்கொள்வார்கள். எவ்வளவு தேவை என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. கடையை மூடிய அதே ஆண்டில் எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்து, மருத்துவர் "உப்பைக் குறையுங்கள்" என்று சொன்னபோது, "எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு?" என்று நான் கேட்டேன். எனக்குப் பின்னால் காத்திருந்தோர் வரிசை நீளமாக இருந்ததால், "ரொம்பக் குறைச்சுக்குங்க" என்பதோடு பேச்சு முடிந்தது.

எவ்வளவு என்பதற்கான விடை பொதுவெளியிலேயே இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதத்தில் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. (இந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது.) நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, தானியங்கள் அனைத்தும் சேர்த்து 250 கிராம், பருப்பும் முட்டையும் மீனும் இறைச்சியும் சேர்த்து 85 கிராம், காய்கறியும் கீரையும் கிழங்கும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெயும் நெய்யும் 27 கிராம் என்று அது கணக்கிடுகிறது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் சொல்வதே. கிராமில் சொன்னால் எந்த வீட்டிலும் விளங்காது. அடுப்படியில் யாரும் தராசு வைத்துக்கொண்டு சமைப்பதில்லை. ஆகையால், கடைக்காரர் வழக்கப்படி இதை மாதச் சிட்டையாக மாற்றி எழுதிப் பார்த்தேன். பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு 30 நாளைக்கு உப்பு 600 கிராம். எண்ணெயும் நெய்யும் மூன்றே கால் கிலோ, அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர்.

உப்பு 600 கிராம் என்ற எண்ணைக் கண்டு நான் திகைத்துவிட்டேன். நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் கல்லுப்பும் தூளுப்புமாக மாதம் இரண்டு கிலோ தீர்ந்துகொண்டிருந்தது. மீன் கழுவுவதற்கும், திருஷ்டி சுற்றிப் போடுவதற்கும், எலுமிச்சங்காய் ஊறப்போடுவதற்கும் என்று தாராளமாக அரை கிலோவைக் கழித்தாலும், ஆளுக்கு நாளொன்றுக்கு 12 கிராமுக்கு மேல் வருகிறது. அளவைப் போல இரண்டரை மடங்கு. இத்தனைக்கும் எங்கள் வீட்டுச் சமையல் உப்புக் கரிக்கும் சமையல் என்று யாரும் குறை சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, தொட்டுக்கொள்ளும் பொடியில் உப்பு. மதியம் உலை நீரில் உப்பு, குழம்பில், பொரியலில், ரசத்தில் உப்பு. பிறகு மோரில், ஊறுகாயில், அப்பளத்தில். ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர்தான் வீட்டில் இல்லை.

நான் கடை திறந்த காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வரும் கல்லுப்பு மூட்டை இரவிலும் கடை வாசலிலேயே கிடக்கும். பூட்டு கிடையாது, திருடுவாரும் கிடையாது. உப்பை அளந்து கொடுக்கும்போது ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுவதுதான் வியாபாரத்துக்கு அழகு என்று என் தகப்பனார் சொல்லிக் கொடுத்தார். மலிவான பொருளுக்குக் கணக்குப் பார்ப்பது நம் வழக்கத்தில் இல்லை. மேலும், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். என் மனைவி முதலில் நிறுத்தியது உலை நீரில் போடும் உப்பை. அதை ஒருவரும் கவனிக்கவே இல்லை. பிறகு ஊறுகாய் ஜாடி சாப்பாட்டு மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. அப்பளம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்றானது. மோரில் உப்புக்குப் பதிலாக இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போடப்பட்டன. இரண்டு வாரம் எல்லாமே சப்பென்று இருந்தது உண்மை. மாதம் ஒன்று கழிந்தபின் ஓட்டலில் சாப்பிட்டபோது அந்தச் சாம்பார் நாக்கில் கரித்தது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு மாதத்தைத் தாண்டி ஒரு வாரம் வருகிறது. மாத்திரையை மருத்துவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. மாத்திரையின் அளவு கூடாமல் இருக்கிறது என்பதோடு சரி.

இங்கே இந்துப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் என் கடையில் அதை விரும்பிக் கேட்டு வாங்கியவர்களில் பலர், அது எவ்வளவு போட்டாலும் கெடுதல் செய்யாத உப்பு என்று நம்பியே வாங்கினார்கள். இந்துப்பிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத இந்துப்பையே வீட்டின் ஒரே உப்பாக ஆக்கிக்கொண்டால், கழுத்துக் கழலையைத் தடுப்பதற்காக அரசு கட்டாயமாக்கிய அயோடினும் கைவிட்டுப் போகும். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைக் கூட்டிய உப்புகளும் இப்போது விற்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது. எந்த உப்பு என்ற ஆராய்ச்சியைவிட எத்தனை கிலோ என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

எண்ணெய்க்கு வருகிறேன். தூக்குவாளியும் கையுமாக வந்து கால் லிட்டர், அரை லிட்டர் என்று செக்கெண்ணெய் வாங்கிய காலத்தில் எண்ணெய்க்கு வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. பாக்கெட் வந்தபின் அந்த அளவு போய்விட்டது. மூலையைக் கத்தரித்து நேரே வாணலியில் சாய்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கடலை எண்ணெய் மூன்று லிட்டர், நல்லெண்ணெய் ஒன்று, சூரியகாந்தி எண்ணெய் இரண்டு என மாதம் ஆறு லிட்டர். லிட்டருக்கு 910 கிராம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 கிராம் வருகிறது. கடைப் பலகாரத்தில் உள்ள எண்ணெய் இதில் சேரவில்லை. செக்கில் ஆட்டியது நல்லதா, சுத்திகரித்தது நல்லதா என்ற வாதத்தில் தங்கள் பக்கம் பல பத்திகளைச் செலவிட்டிருக்கிறது. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதில் மாற்றமில்லை. நால்வருக்கான ஒரு நாள் எண்ணெய் பழைய ஆழாக்கில் (ஏறத்தாழ 168 மில்லி) முக்கால் பங்குகூட வராது. காலையில் அந்த அளவைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, அன்றைய தோசையும் தாளிப்பும் பொரியலும் அதற்குள் முடிய வேண்டும் என்று என் மருமகள் வைத்த ஏற்பாடு, நான் படித்த எந்தக் கட்டுரையைவிடவும் எங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது.

சர்க்கரைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நாளொன்றுக்கு 25 கிராம் என்ற மேல்வரம்பை வைத்தால் நால்வருக்கு மாதம் மூன்று கிலோ. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் வெல்லமும் இந்த மூன்று கிலோவுக்குள் அடக்கம், அவற்றுக்குத் தனிக் கணக்கு கிடையாது.

அரிசியும் பருப்பும் வேறு கதை. மேற்சொன்ன கணக்கில் தானியம் மாதத்துக்கு 30 கிலோ வருகிறது. சாப்பாட்டு அரிசி, இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை எல்லாம் அதற்குள். ரேஷன் அரிசியோடு கடையில் 26 கிலோச் சிப்பம் ஒன்றும் வாங்கும் வீடுகள் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். பருப்பு வகையோ முட்டை, மீன், கறி சேர்த்துப் பத்து கிலோ வர வேண்டும். என் வாடிக்கையாளர்களில் நடுத்தரக் குடும்பங்கள்கூடப் பருப்பில் மூன்று கிலோவைத் தாண்டியதில்லை. 2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியபோது என் கண்ணெதிரே நடந்தது இது: இரண்டு கிலோ வாங்கியவர்கள் ஒரு கிலோ ஆக்கினார்கள், ஒரு கிலோ வாங்கியவர்கள் அரை கிலோ ஆக்கினார்கள், எண்ணெயிலும் சர்க்கரையிலும் ஒருவர்கூடக் கை வைக்கவில்லை. சாம்பார் தண்ணீராகியது, சாதம் கூடியது. ரேஷனில் குடும்ப அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பது பெரிய உதவிதான். ஆயினும், நால்வர் வீட்டுக்கு அது எத்தனை நாளைக்கு என்பதை யாரும் எண்ணிப் பார்க்கலாம். ஆகவே, வருமானம் குறைந்த வீடுகளைப் பார்த்து "புரதம் சாப்பிடுங்கள்" என்று உபதேசம் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால், எண்ணெயில் மிச்சமாகும் இரண்டரை லிட்டரின் விலைக்குத் தட்டைப்பயறும் மொச்சையும் கொள்ளும் நிலக்கடலையும் எவ்வளவு வரும் என்று அவர்களிடம் கணக்குப் போட்டுக் காட்டலாம். அது உபதேசம் அல்ல.

இதையெல்லாம் எழுதும் நான், பள்ளி விடும் நேரத்துக்குக் கடை முகப்பில் ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட்டுகளைச் சரம்சரமாகத் தொங்கவிட்டு விற்றவன்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. மற்ற சரக்கைவிட அதில் விற்பனை வேகம் அதிகம். அந்தப் பாக்கெட்டின் பின்புறத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை. இப்போது படிக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களைப் பார்த்தாலே பாக்கெட்டில் இருப்பது இன்னதென்று தெரிந்துவிடும். சோடியத்தை மில்லிகிராமில் குறித்திருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால் அது 2 கிராம் உப்பு, அதாவது ஒரு பெரியவருக்கான ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு. குழந்தைக்கு அது இன்னும் பெரிய பங்கு.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று, சாமான் சிட்டை எழுதப்படும் நாளில், இருவர், நால்வர், அறுவர் உள்ள வீடுகளுக்கு உப்பு, எண்ணெய், சர்க்கரை, தானியம், பருப்பு ஆகியவற்றின் மாத அளவைக் கிலோவிலும் லிட்டரிலும் ஒரு சிறு கட்டமாகத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் அச்சிடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் அளவு மாறும் என்பதால், ஓர் உணவியல் வல்லுநரைக் கொண்டு அதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. என்னைப் போன்ற கடைக்காரரின் கணக்கு அதற்குப் போதாது. வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டும் அளவுக்கு அது இருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் உப்பு இறங்கிவிட்டது, சர்க்கரையும் இறங்கிவிட்டது. எண்ணெய் இன்னும் நாலே கால் லிட்டரில் நிற்கிறது. தீபாவளி மாதத்தை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
அருப்புக்கோட்டை.